ஸ்வர்ணாவின் தட்டு

டிசம்பர் 8, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து சமையலறை அலமாரியைத் துடைத்தேன். மாடிவீட்டு ஸ்வர்ணாவின் எவர்சில்வர் தட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. தீபாவளிக்கு அதிரசம் வைத்துக் கொடுத்தாள். எங்கள் தெருவில் பலகாரத் தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சண்டை வந்தது. தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் விட்டது யார்? நான் இல்லை. அவளும் இல்லையாம். “நான் என்ன உங்க கிளாஸ் பொண்ணா டீச்சர், நிக்க வெச்சுக் கேள்வி கேக்குறீங்க?” என்றாள். அதோடு பேச்சு நின்றது.

இன்று என் வீட்டுக்காரர் நோயல் பால் வாங்கப் போன இடத்தில் கேட்டுவந்தார்: பொங்கல் கழித்து ஸ்வர்ணா மகனோடு பெங்களூர்ப் பக்கம் ஆனேக்கல்லுக்கே குடிபோகிறாளாம்.

அதற்குள் தட்டு மாடி ஏற வேண்டும்.

டிசம்பர் 9

கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கல்கல் வேண்டாம். அது எல்லா வீட்டிலிருந்தும் போகும். போன வருடம் நோயலின் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தானே, கடலை போட்ட சாக்லேட் மிட்டாய், மெல்ல மெல்ல இழுபடுமே, அது. “மத்த சாக்லேட்லாம் வாய்ல வெச்சதும் ஓடிப்போயிடுது டீச்சர். இதுதான் கூட உக்காந்து பேசுது” என்றாள் ஸ்வர்ணா. அதையே வீட்டில் செய்யப்போகிறேன்.

டிசம்பர் 11, புதன்

கல்.

சர்க்கரை, வெண்ணெய், கண்டென்ஸ்டு மில்க், கோகோ, வறுத்த கடலை. எல்லாம் சரிதான். ஆனால் கடலைமிட்டாய் செய்த கை அல்லவா? பாகைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்கும்வரை கிளறினேன். கேட்டது.

“இத வெச்சு வாசல் கேட்டு ஆடாம இருக்க முட்டுக் குடுக்கலாம் டோரீன்” என்கிறார் நோயல்.

டிசம்பர் 14, சனி

பயந்துபோய்ச் சீக்கிரம் இறக்கிவிட்டேன். குழம்பு. நோயல் பிரெட்டில் தடவிச் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. தட்டுல வெச்சா நமக்கு முன்னாடி அது படியிறங்கிடும்” என்கிறார்.

டிசம்பர் 15

தவறு புரிந்தது. கணக்கு வினாத்தாளைக் கொடுத்துவிட்டுப் பாட்டுக்கு மார்க் போடுவார்களா? ‘டங்’ என்பது கடலைமிட்டாய்க்கான பரீட்சை. இந்தப் பாகு தண்ணீரில் உருண்டையாகத் திரள வேண்டும். விரலால் அழுத்தினால் காதுமடல் போல அமுங்க வேண்டும்.

டிசம்பர் 19, வியாழன்

காதுமடல்! ஆறவைத்து, துண்டு போட்டு, பட்டர் பேப்பரில் சுற்றினேன். முதல் துண்டு நோயலுக்கு. மிட்டாயைக் கடித்து இழுத்தார். பல்செட்டும் கூடவே வந்தது. பாஸ்.

டிசம்பர் 21

தட்டோடு பாதிப் படி ஏறினேன். இறங்கிவிட்டேன். என்ன சொல்வது? நான்தான் மோட்டாரை ஓடவிடவில்லையே — ஆனால் அவள் கோபம் மோட்டாருக்காகவா? ‘என்னம்மா ஆச்சு’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்? ஏன் அப்படி அதட்டினேன்?

டிசம்பர் 24, செவ்வாய்

போனேன். கதவைத் திறந்தவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்படிக் கேட்டிருக்கக் கூடாது ஸ்வர்ணா” என்றேன்.

“இப்பத்தான் மாடிக்கு வழி தெரிஞ்சுதா? இருங்க, நான் பேசவேண்டியது நெறைய இருக்கு.” பேசுவதற்கு முன் ஒரு துண்டை வாயில் போட்டாள். அவ்வளவுதான். விரலை ஆட்டுகிறாள், கண்ணை உருட்டுகிறாள், ‘ம்ம்ம்’ தவிர வேறு சத்தம் வரவில்லை. பதில் சொல்லலாமென்றால் என் வாயிலும் ஒன்று. முதலில் சிரித்தது அவள்தான். மென்று முடிப்பதற்குள் காபிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.

மோட்டார் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல். மேலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. முந்திரி தாராளம்.

ஜனவரி 18, சனி

காலையில் சாமான் வண்டி போய்விட்டது. மாடியில் சத்தமே இல்லை. வண்டி கிளம்பும்போதுதான் நினைவு வந்து, பொங்கல் வந்த தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதே தட்டு.

ஸ்வர்ணா கையை நீட்டவில்லை. “வெறுந்தட்டா குடுப்பீங்க டீச்சர்? ஆனேக்கல்லுக்கு பஸ் ஓடுதில்ல?”

கடலை வறுத்துக்கொண்டிருக்கிறேன்.