உறவினர் சாட்சியின்றி என் ஞாபகசக்தியைப் பரிசோதிக்கக் கோரல்

அனுப்புநர்:
மு. த. நௌபர்,
கலியாண வீட்டுச் சமையற்காரர்,
கிண்ணியா.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
திருகோணமலை.

விடயம்: எச்.ஐ.வி தொற்றுள்ள எனக்கு, குடும்பத்தவரை அழைத்து வராமலே மூளைப் பரிசோதனை செய்ய அனுமதி வேண்டுதல்.

கனம் ஐயா,

1. எனக்கு எச்.ஐ.வி தொற்று உண்டு. எப்படி வந்தது என்பது இம்மனுவுக்கு அவசியமில்லாதது. மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறேன். இரத்தத்தில் கிருமி அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது. வைத்தியசாலை ஆட்கள் தவிர்ந்த ஒருவருக்கு இதை நான் தெரிவிப்பது இதுவே முதல் தடவை.

2. சில காலமாக என் புத்தி மந்தமாகி வருகிறது. ஒருவர் கதைத்து முடிப்பதற்குள் அவர் தொடங்கியது நழுவிவிடுகிறது. அடுப்படியில் அடுத்து என்ன செய்வதென்று திகைத்து நிற்கிறேன். ஒரு கலியாண வீட்டில் புரியாணிக்கு இரு தடவை உப்பைப் போட்டுவிட்டேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உப்புக் கூடிய பண்டத்துக்கும் அதே இடந்தான். அதன் பின் என்னை எவரும் சமையலுக்கு அழைப்பதில்லை. குடிக்கிறேன் என்றும் கதை பரவியிருக்கிறது. நான் குடிப்பவனல்லன், ஆனால் உண்மைக் காரணத்தைச் சொல்லி மறுக்கவும் ஏலாது.

3. இக்கிருமி தொடக்கத்திலேயே மூளைக்குள்ளும் போய்விடும், மருந்து வேலை செய்தாலும் சிலருக்கு அதன் பாதிப்பு மிஞ்சும், இது பைத்தியமல்ல என்று என் வைத்தியர் விளக்கினார். மனச்சோர்வு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம், பரிசோதித்தால் செய்யக்கூடியது உண்டு என்றார். ஆனால் பரிசோதனைக்குப் பொறுப்பானவரோ, "மறதிக்காரர்ர கதையை மட்டும் நம்ப ஏலாது, வீட்டு ஆள் ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்க" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மீது எனக்குப் பகையில்லை. அந்த விதி மீதுதான் என் குறை.

4. என் மனைவி மௌத்தாகி இவ்வுலகை விட்டுப் போய்விட்டா. எனக்கிருப்பது தங்கை பரீனா மட்டுமே. அவள் வீட்டில்தான் உண்கிறேன். எங்கள் ஊரில் சஹன் எனும் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து, அதிலேயே கை வைத்து உண்பது வழக்கம். சாப்பாட்டால் இது தொற்றாதென்று எனக்குத் தெரியும்; ஊருக்குத் தெரியாது. என் விடயம் வெளிவந்தால், என்னோடு ஒரே தட்டில் உண்டவர்கள் என்று சொல்லி அவள் பிள்ளைகளோடு எவரும் சஹனில் அமரமாட்டார்கள் என அஞ்சி, விலகி உண்கிறேன். சென்ற பெருநாளன்று அவள், "நானா (அண்ணா), ஏன் தனிப் பீங்கான்ல எடுக்கிறீங்க, நாங்க வேறாக்களா?" என்று கேட்டாள். பல்வலி என்றேன். ஐயா, மனிதர் நடுவிலேயே நான் மிகவும் தனித்துப் போயிருக்கிறேன்.

5. ஆகையால், சிகிச்சையின் தொடக்கம் முதல் என்னை அறிந்த தாதி டிலக்ஷி அவர்களின் சாட்சியை ஏற்று என்னைப் பரிசோதிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். என் கடிதங்களைப் பரீனாவே பிரிக்கிறாள். தாதியிடம் சொல்லிவிட்டால் போதுமானது.

6. தங்கையிடம் என்றென்றைக்கும் மறைப்பது என் எண்ணமல்ல. புத்தி என்னிடம் இருக்கும்போதே, நோயின் முழு விபரத்தோடும், அவள் பயப்படாதபடி நானே சொல்ல வேண்டும். மறதி முற்றினால், இது மறைக்கும் விடயம் என்பதையே மறந்து, எல்லோரும் சாப்பிட அமர்ந்திருக்கையில் சொல்லிவிடுவேன். அதற்கு முன் எனக்கு எவ்வளவு காலம் உண்டென்று அறியவே இப்பரிசோதனையைக் கேட்கிறேன். அருள்கூர்ந்து தாமதிக்காதீர்கள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
மு. த. நௌபர்
(ஒப்பம்)

இடம்: கிண்ணியா
திகதி: 2025.06.19