மடையை அடைங்க

எரிவாயுக் குழாயின் பக்கத்தில் நான் போவதே இல்லை அப்பா. அறையில் உட்கார்ந்து அழுத்தத்தைப் பார்ப்பதுதான் வேலை. உப்பில் வெடித்த உங்கள் கால் ஆறிவிட்டதா?

குஜராத்தில் உள்ளே விடும் எரிவாயு உத்தரப் பிரதேசம் வரை போகிறது. நடுவில் நாங்கள். நேற்று அந்தக் கடைசி முனையில் உரத் தொழிற்சாலை திடீரென்று நின்றுவிட்டது. எடுப்பவர் இல்லை, வாயு வந்துகொண்டே இருந்தது. நம் மரக்காணத்து உப்பளத்தில் கடல்நீர் நுழைவதுதான் மனதில் வந்தது. குஜராத்துக்குப் போன் போட்டு, "மடைய அடைங்க" என்று கத்திவிட்டேன்.

"மேடமா? எந்த மேடம்?" என்று இந்தியில் கேட்டார் அங்கே வால்வைப் பார்த்துக்கொள்ளும் படேல்.

வால்வு என்றதும் குறைத்துவிட்டார். இன்று எனக்குப் பெயரே மடை மேடம்.

அந்தச் சொல் இங்கே யாருக்கும் தெரியாது. அடுத்த கடிதத்தை நீங்கள் சொல்லச் சொல்லத் தங்கை எழுதட்டும். உங்கள் பேச்சை அவள் திருத்த வேண்டாம்.

தொழிற்சாலை மறுபடி வாயு கேட்கிறது. இதோ வருகிறேன்.

மகள் வசந்தி

வந்துவிட்டேன். திறக்கச் சொன்னேன், இந்தியில்தான்.