வாங்கிக்கொண்டேன் என்று எழுதினேன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று உன்னைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அதைக் கேட்காமல் உனக்குக் கடிதம் தொடங்கிப் பழக்கமில்லை. நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நீ போனை எடுப்பதில்லை என்பதால் இந்தப் பாரத்தைத் தபால்காரர் தலையில் கட்டியிருக்கிறேன்.

இங்கே உன் மாமாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் கேன் தூக்கச் சொன்னால் மட்டும் கூடுகிறது. அச்சகத்தில் எனக்கு ஜன்னலோரம் புது மேசை போட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டு வருடமாக ஊரார் எழுத்தில் பிழை பொறுக்கியதற்கு வெளிச்சம் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதிய ஒரே ஒரு சீட்டில் இருந்த பிழை என் கண்ணில் படவில்லை, பார்த்தாயா.

போன வியாழக்கிழமை வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். என் கதைக்கு நீ வரைந்து தந்த இருபத்துநான்கு படங்களையும் மேசைமேல் வைத்தேன். கூடவே அந்தச் சீட்டையும் வைத்தேன். உனக்கு நினைவிருக்கும், மழை நாள். உன் சமையலறை மேசையில் படங்களை இரண்டு முறை எண்ணிவிட்டு, ஒன்றும் குறையவில்லை என்பதற்காக நான்தான் எழுதினேன்: ‘இருபத்துநான்கு படங்களையும் தம்பியிடமிருந்து முழுமையாக வாங்கிக்கொண்டேன்.’ கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். நீ படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாய். அக்கா பிழை விடமாட்டாள் என்று அவ்வளவு நம்பிக்கை உனக்கு.

கையில் பெற்றுக்கொண்டேன் என்ற பொருளில்தான் நான் எழுதினேன். பள்ளிப் பை செய்யும் அந்தக் கம்பெனியின் வக்கீல் அதை விலைக்கு வாங்கிவிட்டேன் என்று படிக்கிறார். ‘முழுமையாக’ என்ற சொல் வேறு அவருக்குத் தோதாகப் போய்விட்டது.

வக்கீலம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார். “நீங்க காசு குடுத்து வரையச் சொன்னீங்க, சரி. அதனால உங்களுக்கு வந்தது உங்க கதைப் புத்தகத்துல அந்தப் படத்தைப் போட்டுக்கிற அனுமதி மட்டும்தான். பிரதி எடுக்கிறது, மாத்துறது, வேற பொருள்ல அச்சடிக்கிறது எல்லாம் வரைஞ்சவர் உரிமை. அவர் எழுதிக் குடுத்தாத்தான் உங்களுக்கு வரும்” என்றார். தையற்காரருக்குக் கூலி கொடுத்துவிட்டால் சட்டை நம்முடையதுதானே, படமும் அப்படித்தான் என்று நான் இருந்திருக்கிறேன். இத்தனை வருடம் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து இதைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்தக் கம்பெனி பள்ளிப் பைகளிலும் தண்ணீர் பாட்டில்களிலும் படம் போடக் கேட்டு வந்தபோது, உரிமை எல்லாம் உங்களிடம்தானே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டார்கள். பின்னே யாரிடம் இருக்கும் என்று நானே சிரித்தேன். எல்லா உரிமைகளும் என்னிடமே உள்ளன, அவற்றை நிரந்தரமாகத் தருகிறேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு நம் சீட்டையும் இணைத்தேன். அன்றைக்கு உன்னிடம் சொன்னபோது, “பையில போடுறாங்களா, போடட்டும்க்கா” என்று நீ சந்தோஷப்பட்டாய். இனி நீயே அந்தப் படத்துச் சிறுமியை வரையக் கூடாது என்று ஆகும் என உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் கதைக்கு ஒரு சிறுமி வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். நீ உன் மகளை வரைந்துவிட்டாய். நம் வாலு, ஒற்றைக்காலில் நின்று, மற்ற காலால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டு கதை கேட்பாளே, அதே வாலு. அவள் அம்மாவோடு வேறு நாட்டுக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. நீ எழுதும் கடிதமெல்லாம் பிரிக்காமலே திரும்பி வருகிறது.

அதனால்தானே நீ தனியாக, அவளை வைத்தே இந்தப் புதுப் படப் புத்தகத்தை ஆரம்பித்தாய். பக்கத்துக்குப் பக்கம் அவளுக்கு ஒரு வயது கூடுகிறது. பார்க்காத முகத்தைக் குத்துமதிப்பாக வரைந்து வரைந்து அழித்தாய். “கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம்க்கா, கடை ஜன்னல்ல இருக்கிற புத்தகத்தை யார் திருப்பி அனுப்புறது?” என்று அன்று சிரித்தாய். வெகுநாள் கழித்து நீ சிரித்துப் பார்த்தேன். அதற்கும் நானே உலை வைத்தேன். அந்த உருவத்தையோ அதை ஒத்த எந்த உருவத்தையோ வெளியிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் கோர்ட்டில் தடை வாங்க, உன் பதிப்பாளர் அச்சான தாள்களையெல்லாம் கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டார்.

கம்பெனிக்கும் போனேன். ஒரு சின்னப் பெண் வந்து தண்ணீர் கொடுத்து, மரியாதையாக உட்காரவைத்து, “எங்களுக்கும் வருத்தம்தான் மேடம், ஆனா நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க” என்றாள். கிளம்பும்போது ஒரு பையை இலவசமாகக் கையில் கொடுத்தாள். அதில் வாலு இரண்டு காலையும் ஊன்றி, பல் வரிசை தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். சொறிவது அழகாக இல்லையாம், திருத்திவிட்டார்களாம். மாமா அந்தப் பையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

இந்தப் பைகள் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகின்றன. உன் புத்தகம் போக வேண்டிய ஊருக்கு இதுதான் முதலில் போய்ச் சேரும். அப்பா என்னை விற்றுவிட்டார் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்று பயப்படுகிறேன். உனக்கும் அதே பயம்தான் என்று தெரியும். அதனால்தான் நீ போனை எடுப்பதில்லை.

உரிமை என்னிடம் இல்லாமலே இருப்பதாகச் சொல்லிவிட்டேன் என்று வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர்கள் என்மேல் பாய்வார்கள் என்று வக்கீலம்மா எச்சரித்தார். பாயட்டும். ஆனால் உனக்குப் பொய் நம்பிக்கை தரமாட்டேன். சீட்டில் உன் கையெழுத்து இருக்கிறது, நான் ஒப்பந்தம் போட்ட பிறகு மூன்று வருடம் நீ எதிர்ப்புச் சொல்லவில்லை, தீர்ப்பு வரும்வரை தடை நீங்காது. “அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கே குழந்தை பிறந்துடும்” என்றார் வக்கீலம்மா, படத்தில் இருப்பது யார் என்று தெரியாமல்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். கேட்டால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அதை என்னால் தாங்க முடியாது.

இத்துடன் இருபத்துநான்கு படங்களையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வழக்குக்கு வேண்டியதை வக்கீலம்மா நகல் எடுத்துக்கொண்டார். இந்தக் காகிதங்களாவது உன் கையில் இருக்கட்டும். ஈரம் படாமல் பிளாஸ்டிக் தாளில் நான்கு சுற்று சுற்றியிருக்கிறேன், எண்ணிப் பார். யாருக்கும் காட்டாமலாவது அவளை வரைந்துகொண்டே இரு, இந்த வருட வயதில், அடுத்த வருட வயதில். அவள் தூக்கிய காலைக் கீழே இறக்கிவிடாதே.

கட்டு கிடைத்ததும் ஒரு வரி போடு, தம்பி. ‘வாங்கிக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதாதே. ‘வந்து சேர்ந்தாள்’ என்று எழுது.

என்றும் உன் நன்மையை வேண்டும்,
அக்கா