காயப் போட்ட வயிறு

அக்கா,

காலையில் பேத்திக்கு வயிற்றால் போனது. மருமகள் மருந்துக்கடைப் பொட்டலம் ஒன்றைக் கிழித்துத் தண்ணீரில் கலக்கினாள். ஆரஞ்சு வாசனை. அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே கலக்கினாள். இவ்வளவு சாதாரணமான காரியமா இது என்று எனக்கு அழுகை முட்டியது. கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அந்த எழுபதுகளில் நம் கோவளத்துக் குப்பத்துக்கு நர்சம்மா பாடம் சொல்ல வந்தது, படகு கரையேறும் நேரத்தில். "மீன வுட்டுட்டு இன்னா கிளாசு?" என்று நாங்கள் கூடையோடு ஓடினோம். வீட்டின் மூத்த மருமகள் நீ ஒருத்திதான் உட்கார்ந்து கேட்டாய். உன் தலைச்சன் பிள்ளை பேதியில் போயிருந்தது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அதன் வயிற்றைக் காயப் போட்டிருந்தோம். தண்ணீர்தான் காப்பாற்றும் என்று நர்சம்மா சொன்னதைக் கேட்டு, கலக்கும் அளவை மனப்பாடம் செய்துகொண்டாய்.

அடுத்த மழைக்காலத்தில் என் மகனுக்கு வந்தது. "காயப் போடு" என்றார் நம் மாமியார்.

"காயப் போடறதுக்கு இன்னா கருவாடா அத்த? புள்ள இது" என்றாய் நீ.

காய்ச்சி ஆறிய ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு பிடி சர்க்கரை, மூன்று விரலால் கிள்ளிய உப்பு. கரண்டி கரண்டியாக ஊட்டினாய்; பக்கத்தில் இருந்து நானும் கற்றுக்கொண்டேன். பிழைத்தான். மாமியார் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார். வேண்டுதல் காப்பாற்றியது என்றே வீடு நம்பியது. நீயும் சிரித்துக்கொண்டே கூழைக் குடித்தாய்.

பிறகு உனக்கே வந்தது. செங்கல்பட்டுச் சந்தைக்குப் போன நான் திரும்பியபோது உன் கண் குழிக்குள் போயிருந்தது. சொம்பை வாயில் வைத்தேன்; உள்ளே இறங்கவில்லை.

"தண்ணி தண்ணின்னு கேட்டாடி. குடுத்தா போயிடுவாளேன்னுதான் குடுக்கல" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அவரைத் திட்டக்கூட என்னால் முடியவில்லை. அவருக்கு யார் வந்து சொன்னார்கள்?

நீ போனதோடு நின்றதா? உன் வீட்டுக்காரர் கடலுக்குப் போவதை விட்டார். கட்டுமரம் வெயிலில் வெடித்தது. உன் மகள் பள்ளியை விட்டு என்னோடு மீன் கூடை தூக்கினாள். ஒரு சொம்புத் தண்ணீர் இல்லாமல் ஒரு குடும்பமே குலைந்தது.

எந்த வீட்டில் பேதி என்றாலும் இன்றும் போகிறேன். பிள்ளைக்குக் கொடுத்ததோடு திரும்பி வருவதில்லை. ஆம்பளை, கிழவி என்று பார்க்காமல் வீட்டிலுள்ள எல்லோரையும் கலக்க வைக்கிறேன். "கெயவிக்கு வேற வேல இல்ல" என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஊருக்கெல்லாம் நீ கலக்கிக் கொடுத்தாய், அக்கா. உனக்குக் கலக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் சந்தையில் கருவாடு கூவிக்கொண்டிருந்தேன்.