நடுவிரல் விட்ட இடம்

ஹேசர்ட், கென்டக்கி
செப்டம்பர் 1984

அன்பு மகள் டார்லாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, தம்பி டுவைட் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம், இந்தத் தடவை அது முடியவில்லை, நீ நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. சரியாகச் சொன்னால் உன் வலதுகை நடுவிரல் நலமா. எடுத்தவுடனே பிள்ளையைக் குத்தாதே, முதலில் வீட்டுச் சேதி எழுது என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள், அதனால் அதை முடித்துவிடுகிறேன். தோட்டத்து பீன்ஸைப் பறித்து ஜாடிகளில் அடைத்தாயிற்று, நீ வந்தால் தின்னலாம். டுவைட் பள்ளி ஃபுட்பால் குழுவில் சேர்ந்து முதல் வாரமே தோளைச் சுளுக்கிக்கொண்டு வந்தான், அடிபட்ட தோளோடு ஆடுவேன் என்கிறான், இந்த வீட்டில் யாருக்கும் நிறுத்தத் தெரியாது போலிருக்கிறது. அம்மாவுக்குச் சர்ச்சில் பியானோவும் சேர்த்து வாசிக்க வேண்டியதாகிவிட்டது, பழைய ஆள் ஓஹையோவுக்குக் குடிபோய்விட்டார். சேதி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனில் பேசிய விதம் சரியில்லை என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். கடையில் ரிப்பேருக்கு வருகிற ஆம்பிளிஃபயர் கெட்டுப்போனால் கெட்டுப்போச்சு என்றுதான் எனக்குச் சொல்லிப் பழக்கம், பட்டாளத்துச் சிக்னல் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், எங்கே கெட்டது என்று முதலில் சொல், வருத்தம் பிறகு. அதனால் விரல் போய்க்கொண்டிருக்கிறது, பாஞ்சோக் கம்பியைத் தொடாதே, வாசிப்பதை உடனே நிறுத்து என்று சொன்னேன். நீ, "அப்பா, சவுண்ட் மிக்ஸர் முன்னாடியே உக்காந்திருக்கறவங்களுக்கு உலகமே ரிப்பேராத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நல்ல அடிதான், அம்மாகூடச் சிரித்தாள். அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் உங்கள் குழுவின் மாண்டலின்காரப் பையன்தான் எடுக்கிறான், "டார்லா பிராக்டிஸ்ல இருக்கா சார்" என்கிறான். காலையில் கூப்பிட்டாலும் பிராக்டிஸ், சாயங்காலம் கூப்பிட்டாலும் பிராக்டிஸ். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் விட்டதை எல்லாம் எழுதுகிறேன், கடைசி வரை படி, பாதியில் கசக்கிப் போடாதே.

போன வாரம் எஸ்டில் பிரேட்டர் கடைக்கு வந்தார். அவர் இப்போது நம் கவுண்டியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார் என்பது உனக்குத் தெரியும், பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டுகிற மைக் வேலை செய்யவில்லை என்று கொண்டுவந்தார். அவரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் சுவரில் அவர் படம்தான் இருந்தது, ஆனால் நீங்கள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்கிற கதை தப்பு. சுரங்கக் குடியிருப்பில் பிறந்து, சின்சினாட்டிக்குப் போய்க் கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்து, எதிர்த்தெரு மதுக்கடையில் கேட்ட சாக்ஸபோனை அப்படியே பாஞ்சோவுக்குள் கொண்டுவந்தார், கச்சேரிகளில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற கிழவர்கள் இது நம் மலைநாட்டு புளூகிராஸ் இசையே இல்லை என்று எழுந்து போனார்கள், தலைமுடி வளர்த்த பையன்கள் அந்த நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள், அது வரைக்கும் கதை சரி. கடைசி இரண்டு ரெக்கார்டுகளில் புதிதாக ஒன்று வந்ததே, மூன்று விரலும் மாறி மாறி ஓடுகிற ஓட்டத்துக்கு நடுவில் திடீரென்று ஒரு ஸ்வரம் காணாமல் போய், காது தானாகவே அதை நிரப்பிக்கொள்கிற அந்த ஓட்டை, பத்திரிகைக்காரர்கள் மேதைமை என்று எழுதி, நீங்கள் எல்லாரும் 'பிரேட்டர் இடைவெளி' என்று பேர் வைத்து, கலிஃபோர்னியா முதல் ஜப்பான் வரைக்கும் பாஞ்சோக்காரன் ஒவ்வொருவனும் காப்பியடிக்கிறானே, அங்கேதான் கதை தப்பு. ரெக்கார்டு கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டு வீம்புக்கு வாசிப்பை விட்டார் என்பதும் தப்பு.

உங்கள் ஒலிக்காரன் ராண்டல் அனுப்பிய கொலராடோ கச்சேரி கேசட்டை அவருக்குப் போட்டுக் காட்டினேன். பெருமைக்குத்தான் போட்டேன், வேறென்ன. முதல் பாட்டுக்குத் தலையை ஆட்டினார். இரண்டாவதில் உன் இடைவெளி வந்ததும் அவர் ஆட்டம் நின்றுவிட்டது. திரும்பப் போடச் சொன்னார், போட்டேன், இன்னொரு தரம் என்றார். "உங்களை உரிச்சு வச்சிருக்கா பாத்தீங்களா" என்று நான் முட்டாள் மாதிரி சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய உன் முதல் பாஞ்சோவைக் கேட்டு வாங்கினார். அதுவரை அதே கையால்தான் காப்பிக் கோப்பையைப் பிடித்தார், மைக்கின் சின்னத் திருகைக் கழற்றித் தந்தார், ஒரு நடுக்கம் இல்லை. பாஞ்சோவை மடியில் வைத்து, கம்பியை மீட்டுகிற பிக்குகளை விரல்களில் மாட்டி ஆரம்பித்ததும் நடுவிரல் தானாக மடங்கி உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொண்டது. இடதுகையால் நிமிர்த்திவிட்டார், மறுபடி போனது. "இது ஸ்டைல் இல்ல தம்பி. விரல் வரல. வராத விரலுக்கு எல்லாரும் கை தட்டினாங்க, நான் வாயைப் பொத்திக்கிட்டேன்" என்றார். நான் டேப்பை நிறுத்தினேன். அவருக்கு முதலில் எப்போதோ ஒரு ஸ்வரம் விட்டதாம். நம் ஆட்களுக்கு இதற்கு ஒரே மருந்துதான் தெரியும், இன்னும் பயிற்சி. அவரும் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தார், பிக் மாற்றினார், விரலைப் பிளாஸ்திரி போட்டுக் கட்டினார், செய்யச் செய்ய விரல் இன்னும் வேகமாக உள்ளே போனது. தேய்ந்த பேரிங்கை வேகமாகச் சுற்றினால் சரியாகிவிடுமா. கடைசியில் அந்த விரல் இல்லாமல் பாட்டையே மாற்றி அமைத்தார், அதைத்தான் நீ என் டர்ன்டேபிளில் அரை வேகத்தில் ஓடவிட்டு ஒவ்வொரு ஸ்வரமாகப் பொறுக்கிக் கற்றுக்கொண்டாய். அந்த அரை வேக விசையை வைத்துக் கொடுத்தது நான். அதற்காக உட்கார்ந்து அழ எனக்கு நேரமில்லை.

அவ காப்பிதானே அடிக்கிறா, அவ கை நல்லாத்தானே இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். இதுவரை நான் யாரிடமும் கெஞ்சியதில்லை, அன்று கேட்டது கெஞ்சல் மாதிரிதான் இருந்தது. அவர் யோசித்துவிட்டு, "கடைசி உருப்படியைப் போடு" என்றார். எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது, கை உடனே போகவில்லை. எவ்வளவு புதுமை செய்கிற குழுவாக இருந்தாலும் முடிக்கும்போது பெரியவர்களின் பழைய வேகப் பாட்டு ஒன்றை இம்மி மாற்றாமல் வாசித்துத்தான் மேடையை விட்டு இறங்கும், அதில் எவனும் தன் சொந்தச் சரக்கைச் சேர்க்கமாட்டான், சேர்த்தால் பெரியவர்களை அவமானப்படுத்தினதாகிவிடும். நீயும் சேர்க்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும், பத்து வயதில் அதில் ஒரு ஸ்வரத்தை டுவைட் மாற்றிப் பாடினதற்கு அவனைக் கதவுக்கு வெளியே தள்ளினவள் நீ. போட்டேன். நீ தனியாக வாசிக்கிற முறை வந்தது. அதிலும் இடைவெளி இருந்தது டார்லா. இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டாவது இடத்தில் நீ கட்டைவிரலைக் கொண்டுவந்து அவசரமாக மூடினாய், கட்டைவிரலின் சத்தம் தடிமன், எனக்குத் தெரியாதா. எஸ்டில் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "நானும் இப்படித்தான் மூடினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மைக்கை மறந்துவிட்டுப் போனார்.

இனி நான் கேட்பதைக் கேள். பாஞ்சோவைப் பெட்டியில் வைத்துப் பூட்டு, பயிற்சி வேண்டாம், கொஞ்சமாகக்கூட வேண்டாம். பாஸ்டனில் இசைக்காரர்களின் கைகளை மட்டும் பார்க்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள், பேசிவிட்டேன், அடுத்த மாதம் உன்னைப் பார்க்கிறார்கள். சரியாகும் என்று அவர்களும் சத்தியம் செய்யவில்லை, ஆரம்பத்திலேயே நிறுத்தினவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது என்றார்கள், நிறுத்தாதவர்களைப் பற்றிக் கேட்டேன், பேச்சை மாற்றினார்கள். அதே மாதம்தான் நாஷ்வில்லில் உங்கள் ரெக்கார்டிங் என்பதும் எனக்குத் தெரியும், அந்த இடைவெளிக்காகவே உன்னைக் குழுவில் எடுத்தார்கள் என்பதும், நீ போகவில்லை என்றால் அந்த வாரமே உன் நாற்காலியில் வேறு ஒருத்தன் உட்காருவான் என்பதும் தெரியும். உட்காரட்டும். நீ இதற்காகப் பதினைந்து வயதிலிருந்து என்னவெல்லாம் விட்டாய் என்று பார்த்தவன் நான், உன்னைவிடப் பத்தொன்பது வயதுதான் பெரியவன், ஒரு ஆசைக்காக மனிதர்கள் எதையெல்லாம் மறைப்பார்கள் என்பது எனக்கு மறந்துபோகவில்லை. என் கணிப்பு தப்பாக இருந்தால் என்னைப் பார்த்து ஊரே சிரிக்கட்டும், தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் இந்த வாரம் முழுக்க அந்தக் கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன், டெக்கின் ஹெட்டைச் சுத்தம் செய்தேன், வேறு டெக்கில் போட்டேன், டேப்பில்தான் பழுது என்று காட்ட என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். டேப்பில் ஒன்றுமில்லை.

எஸ்டில் நேற்று மைக்கை எடுக்க வந்தபோது உனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். "எல்லாத்தையும் என்னைப் பாத்துக் கத்துக்கிட்டா. நிறுத்தறதை மட்டும் என்னைப் பாத்துக் கத்துக்க வேண்டாம்னு சொல்லு, நான் லேட்டு." இத்தனை வருடம் மூடிவைத்ததை உன்னிடம் சொல்ல அனுமதித்திருக்கிறார், அது அவருக்கு லேசானதில்லை. இன்னொன்றும் சொன்னார், அவர் சொல்லும் வரை எனக்கு அது தோன்றவில்லை. இந்த ரெக்கார்டு வெளியே வந்தால் எங்கேயோ ஒரு பெண்பிள்ளை அதை அரை வேகத்தில் ஓடவிட்டு உன் கட்டைவிரல் எப்படி மூடுகிறது என்று கற்றுக்கொள்ள உட்காருவாள்.

அம்மா உன்னைத் தினமும் ஜெபத்தில் நினைக்கிறாள், டுவைட் நல்ல தோளால் கட்டிக்கொண்டதாக எழுதச் சொன்னான். கர்த்தர் உன்னையும் உன் கைகளையும் காக்கட்டும், எனக்கு இதையெல்லாம் அழகாகச் சொல்ல வராது. ஒன்றை மறக்காதே, கடிதம் கிடைத்ததும் கடைக்குப் போன் பண்ணு. பேசவேண்டும் என்றில்லை. இல்லப்பா உங்களுக்குத்தான் காது கெட்டுப்போச்சு என்று சொல்ல முடிந்தால் சொல், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். சொல்ல முடியவில்லை என்றால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சும்மா இரு, பாஞ்சோவை உள்ளே வைத்துப் பெட்டியின் கொக்கியை மட்டும் போடு, இரண்டு பக்கமும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கேட்டதும் உன்னிடம் வர வண்டியை எடுத்துவிடுவேன்.

உன் அப்பா,
வெர்லின் டாக்கெட்