பெல்ட் போடச் சொன்ன வண்டி

அன்புள்ள கோபக்காரிக்கு,

பில்லிங்ஸில் உன் அக்கா வீட்டில் நலமாக இருப்பாய். இங்கே நானும் புது வண்டியும் நலம். உன் அப்பாவின் பழைய டிரக், பக்கத்துப் பண்ணை ஆர்லோவின் கொட்டகைக்கு இடம் மாறியதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

மலையில் எல்க் மான் வேட்டைக்கு இதைவிட நம்பகமான வண்டி கிடையாது என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். குளிருக்கு இதமாக உட்காரும் இடம்கூடச் சூடாகும்! சனிக்கிழமை தனியாகத்தான் போனேன். சரிவில் பெரிய கொம்போடு ஓர் எல்க் நின்றது. இறங்கலாமென்று மெல்ல ஓரங்கட்டினேன். உன் இருக்கையில் வைத்திருந்த சாப்பாட்டுப் பெட்டி பெல்ட் போடவில்லையென்று வண்டி கத்தத் தொடங்கியது. ஓடுமுன் எல்க் என்னை ஒரு பார்வை பார்த்தது. நீ பார்ப்பாயே, அதே பார்வை.

திரும்பும் வழியில் வண்டி சேற்றில் இறங்கியது, ஏறவேயில்லை. இழுத்துவிட ஆர்லோ வந்தான். எதில் வந்தான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"ஏம்ப்பா, இதை என்கிட்ட வித்துட்டா அதை வாங்கினே?" கயிறு கட்டும்போதே சிரித்தான்.

"திருப்பிக் குடுத்துடு ஆர்லோ."

"தரேன். ஆனா சாவி உன் கைக்கு வராது. அவ வந்து கேக்கட்டும்."

எவ்வளவோ கெஞ்சினேன், மசியவில்லை. ஆகவே டிரக்கை எடுக்கவாவது வா. நீயே ஓட்டு. பக்கத்தில் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வருகிறேன். பெல்ட்டும் யாரும் கத்தாமலே போட்டுக்கொள்கிறேன்.

உன் கணவன்
(இன்னும் அப்படித்தானே?)