நீங்கள் பார்க்காமல் போன கடைசிக் கால் மணி நேரம்

மோட்டார் கொட்டகையின் சிவப்பு பல்பு இப்போதுதான் எரிந்தது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டது. டிவியில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெண்ணின் அப்பா இட்லி மாவு அண்டாவுக்குள் தலைகுப்புற விழப்போகிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து ஓட நீங்கள் இல்லை.

உலகத்திலேயே உங்களுக்குப் பிடித்த படம் இது. பெண் பார்க்க வரும் மாப்பிள்ளையும், பெண்ணின் அக்கா கல்யாணத்துக்கு வரும் சமையல்காரரும் ஒரே பஸ்ஸிலிருந்து இறங்க, பெண் வீட்டார் ஆள் மாறி அழைத்துப் போகிற பைத்தியக்காரக் கதை. சமையல்காரருக்கு ராஜ உபசாரம், மாப்பிள்ளைக்கு வெங்காயக் கூடை. தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். உங்கள் சிரிப்பில் பாதி வசனம் எனக்குக் கேட்காது; எரிச்சலாக வரும். இன்றைக்கு ஒவ்வொரு வசனமும் தெளிவாகக் கேட்கிறது.

ஆனால் ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்தீர்களா? சரியாகக் கடைசிக் கால் மணி நேரத்தில் அந்தப் பல்பு எரிந்து தொலைக்கும். இல்லையென்றால், மடையை யாரோ அடைத்துவிட்டதாக ஆள் வந்து நிற்கும். குறுவை நாற்றங்கால் காய்கிறதே என்று ஓடுவீர்கள். சேற்றுக் காலோடு திரும்பி, வாசலிலிருந்தே கேட்பீர்கள்.

"அந்தப் பொண்ணு கடைசில யாரைக் கட்டிக்கிட்டா?"

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே உக்காந்து பாருங்க."

போனில் பார்க்கலாமே என்பான் மகன். "உங்கம்மாவோட உக்காந்து பாத்தாதான்டா அது படம்" என்று அவன் வாயை அடைப்பீர்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முதல் நாள், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். "இப்பவாவது சொல்லேன்டி. யாரைக் கட்டிக்கிட்டா?"

"வீட்டுக்கு வாங்க, சேர்ந்து பாக்கலாம்."

"பொல்லாதவ நீ" என்று சிரித்தீர்கள்.

அதைத் தெரிந்துகொள்வதற்காகவாவது திரும்பி வருவீர்கள் என்று நம்பினேன். மறுநாள் உங்களை ஆம்புலன்ஸில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரண்டே வரி. சொல்லியிருக்கலாம். பாவி நான், சொல்லவில்லை. அந்த இரண்டு வரியும் நெஞ்சிலேயே கிடந்து அறுக்கிறது.

மகன் போன வாரம் ஸ்டார்ட்டரில் சிம் கார்டு போட்டுக் கொடுத்துவிட்டான். உட்கார்ந்த இடத்திலிருந்தே செல்போனில் மோட்டாரைப் போடலாம். போட்டேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது. இனி யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. உங்கள் நாற்காலி பக்கத்தில்தான் கிடக்கிறது.

கேளுங்கள், சொல்கிறேன். அவள் மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டாள். வெங்காயம் உரிக்கிறவன்தான் மாப்பிள்ளை என்று அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். சொல்லிவிட்டால் பெண் பார்த்த கையோடு அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவான், இன்னும் நாலு நாள் கண்ணெதிரில் இருக்கட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தாளாம்.

நானும் அதற்காகத்தான் சொல்லாமல் இருந்தேன். அவளுக்குப் பலித்தது.